வாரத்தில் மூன்று நாள்: நாகர்கோவிலில் இருந்து ஒரு கணக்கு

குமரி மாவட்டத்தில், கருங்கலுக்குப் பக்கத்தில் என் சித்தி வீடு. முன்னறையை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. ஒரு காலத்தில் ரப்பர் ஷீட் அடுக்கி வைக்கும் இடம். 2020 ஊரடங்கில் சென்னையில் இருந்து வந்து சேர்ந்த சித்தி மகள், ஷீட்டை எல்லாம் பின்பக்கம் மாற்றிவிட்டு அங்கே ஒரு மேசையைப் போட்டாள். எத்தனை ஊதுபத்தி கொளுத்தியும் அந்தப் புளித்த வாடை முழுசாகப் போகவில்லை. காலை பத்தரை வாக்கில் மீன்காரர் பைக்கில் பாம் பாம் என்று அடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். ஒருநாள் சிங்கப்பூர் வாடிக்கையாளர் பேச்சை நிறுத்தி, "உங்கள் அலுவலகத்துக்குள் வண்டி வருகிறதா?" என்று கேட்டாராம். சாளை வந்திருக்கிறது என்பதை அவருக்கு எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. 2023-ல் ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதத்தில் இருந்து, வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகத்துக்கு வர வேண்டும், மீதி இரண்டு நாள் வீட்டில் இருந்தே பார்க்கலாம். மேலாளர் தொலைபேசியில் அழைத்து, "பாதிக்குப் பாதி மாதிரிதானே, இது எல்லாருக்கும் வசதி" என்று சமாதானம் சொன்னார். அவர் வீடு சென்னை மேடவாக்கத்தில். இவள் வீட்டில் இருந்து சென்னை எழுநூறு கிலோமீட்டர்.

வீட்டில் இருந்து வேலையா, அலுவலகத்துக்குத் திரும்புவதா என்று 2020-ல் இருந்து நடக்கும் இந்தச் சண்டையில் குமரி மாவட்டத்துக்காரர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். பேசுகிறவர்கள் மனசில் இருப்பது பெரும்பாலும் போக்குவரத்து நெரிசல். சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஒன்றரை மணி நேரம், பெங்களூர் வெளிவட்டச் சாலையில் இரண்டு மணி நேரம். அந்த நெரிசலை வாரத்தில் ஐந்து நாளில் இருந்து மூன்று நாளாகக் குறைத்தால் அவர்களுக்கு நிஜமாகவே நிம்மதி. நமக்கோ வாரம் ஒருநாள் வரச் சொன்னாலும் ஐந்து நாள் வரச் சொன்னாலும் ஒன்றுதான்: அங்கே வீடு பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, பாத்திரம் பண்டம் வாங்கிக் குடியேற வேண்டும். தூரத்தை நாட்களால் வகுக்க முடியாது.

சந்தேகம் இருந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செவ்வாய், புதன், வியாழன் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் மாலை ரயில் ஏறினால் செவ்வாய் காலை எழும்பூர். வியாழன் மாலை ஏறினால் வெள்ளி காலை நாகர்கோவில். வாரத்துக்கு ஆயிரத்து நானூறு கிலோமீட்டர், இரண்டு ராத்திரி ரயிலில். விடுமுறை போக 48 வாரம் என்றால் வருஷத்துக்கு 67,200 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே நாற்பதாயிரம் சொச்சம்தான். அதாவது, 'நெகிழ்வான' ஏற்பாட்டில் வேலை பார்க்கும் ஒரு நாகர்கோவில்காரர் வருஷத்துக்கு ஒன்றரைச் சுற்றுக்கு மேல் உலகத்தைச் சுற்றி வருகிறார். 2024 ஆகஸ்ட் 31-ல் தொடங்கிய வந்தே பாரத் ஒன்பது மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, சரி. ஆனால் பகல் முழுக்க அதில் போய்விடும். போனில் சிக்னலைத் தேடிக்கொண்டே மீட்டிங்கில் உட்கார வேண்டும்.

டிக்கெட் வேறு. சித்தி மகளுக்கு மின்னஞ்சல் வந்ததற்கும் வரச்சொன்ன தேதிக்கும் நடுவில் இரண்டு வாரம்தான். அப்போது ரயில் முன்பதிவு 120 நாளுக்கு முன்பே திறந்துவிடும் (2024 நவம்பரில்தான் அதை 60 ஆக்கினார்கள்). ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வண்டிகள் எப்போதோ நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்தது தட்கலும் வடசேரி ஆம்னி பஸ்ஸும். பொங்கல், தீபாவளிக்கு அந்த பஸ் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

தலைநகரம் தூரமாகிப் போவது இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை என்று ஒரு பெரியவர் சொல்வார். 1956 நவம்பர் 1-க்கு முன்பு, திருவிதாங்கூரில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டத்துக்காரர்களுக்கு எல்லாப் பெரிய அலுவலகமும் திருவனந்தபுரத்தில். நாகர்கோவிலில் இருந்து எழுபது கிலோமீட்டர் சொச்சம். போராடித் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அலுவலகம் எழுநூறு கிலோமீட்டருக்குப் போய்விட்டது. யாரும் அதற்காக வருத்தப்படவில்லை. ஆனாலும் ஒரு கையெழுத்துக்காக ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து போன அனுபவம் இங்கே பல வீடுகளில் உண்டு.

வெளியே போய்ச் சம்பாதிப்பதும் அப்படித்தான். கொளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களில் வளைகுடாவுக்குப் போகாத வீட்டைத் தேட வேண்டும். செவிலியர் படித்த பெண்கள் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் இந்த மாவட்டத்துக்கு, 91.75 சதவீதம். படித்தவர்களுக்கு ஏற்ற வேலை மட்டும் ஊரில் இல்லை. ஆகவே தலைமுறை தலைமுறையாக ஒரு பண்டமாற்று நடந்து வருகிறது: ஆளைக் கொடுத்தால் காசு வரும். பெரிய வீடு எழும்பும். அதில் வயசான இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள். 2020-க்கு அப்புறம் கொஞ்ச காலம்தான் காசும் ஆளும் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தன. இங்கே இந்த விவாதம் ஏன் இத்தனை உணர்ச்சியோடு நடக்கிறது என்றால் அதனால்தான்.

சரி, நிறுவனங்கள் ஏன் கூப்பிடுகின்றன? சும்மா வீம்புக்கு என்று சொல்லிவிட்டால் நமக்குத் திருப்தியாக இருக்கும். விஷயம் அவ்வளவு எளிதில்லை.

முதலில் சட்டம். தொலைபேசி வழி சேவை தரும் நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் முன்பெல்லாம் கடுமையாக இருந்தன. ஊழியர் வீட்டில் இருந்து அழைப்பை எடுக்க வேண்டுமானால் பிணைத்தொகை, தனி வலைத்தொடர்பு என்று ஏகப்பட்ட நிபந்தனை. 2020 மார்ச்சில் அவற்றை அவசரமாகத் தளர்த்தி, நவம்பரில் பெரும்பாலும் தூக்கியே விட்டார்கள். இன்னொரு முடிச்சு சிறப்புப் பொருளாதார மண்டலம். நிறைய ஐடி கட்டடங்கள் இந்த மண்டலங்களுக்குள் இருக்கின்றன. வரிச்சலுகை எல்லாம் 'இந்த வேலிக்குள் வேலை நடக்கிறது' என்ற அடிப்படையில் கொடுத்தது. வேலை கருங்கல் ரப்பர் அறையில் நடந்தால்? 2022 ஜூலையில் இதற்கென்று ஒரு விதியைச் சேர்த்தார்கள்: பாதி ஊழியர் வரைக்கும், ஒரு வருஷத்துக்கு வீட்டில் இருந்து பார்க்கலாம். அந்த டிசம்பரிலேயே அதை எல்லா ஊழியருக்கும் என்று மாற்றி, 2023 கடைசி வரைக்கும் காலம் கொடுத்தார்கள், அப்புறம் நீட்டித்தார்கள். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் முன்னால் இங்கே வீடுகளில் ஒரு பதற்றம் இருக்கும். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி.

அடுத்தது பேரம் பேசும் பலம். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய காரணம். 2022 நடுவில் இன்ஃபோசிஸில் தாமாக வேலையை விட்டுப் போகிறவர்களின் வீதம் 28 சதவீதத்தைத் தாண்டியது. அந்தச் சமயத்தில் ஊழியரிடம் யாரும் 'கட்டாயம் வா' என்று சொல்லத் துணியவில்லை. சொன்னால் அடுத்த கம்பெனி அள்ளிக்கொண்டு போய்விடும். 2023 கடைசியில் அதே வீதம் 13-க்குக் கீழே வந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் டிசிஎஸ் வாரம் ஐந்து நாள் என்றது. நவம்பரில் விப்ரோ மூன்று நாள் என்றது. 2024-ல் டிசிஎஸ், வருகை 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தக் காலாண்டின் மாறுபடும் ஊதியம் கிடையாது என்று கணக்கில் கைவைத்தது. 2025 ஜனவரியில் அமேசான் ஐந்து நாளுக்குத் திரும்பியது. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒத்துழைப்பு, பண்பாடு என்ற பேச்செல்லாம் வேலைச் சந்தை சரிந்த பிறகுதான் சத்தமாகக் கேட்டிருக்கிறது.

ஆனால் நம் பக்கத்துக்கு உறுத்தலான ஓர் ஆய்வு இருக்கிறது, அதுவும் சென்னையில் நடந்தது. டேவிட் அட்கின், ஆன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் தரவு உள்ளீடு செய்யும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். யார் வீட்டில் உட்கார வேண்டும், யார் அலுவலகத்தில் உட்கார வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைவு. அந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. இன்னொன்றுதான் சுவாரசியம். வீட்டில் இருந்து பார்க்கவே விருப்பம் என்று சொன்னவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிடத் திறமையானவர்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்ததும் அதிகமாகச் சரிந்ததும் அவர்கள்தான்: அவர்களுக்கு 27 சதவீதம் இழப்பு, அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு 13.

இதைப் படித்ததும் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. வீட்டில் இருக்க வேண்டும் என்று யார் அதிகம் கேட்பார்கள்? கைக்குழந்தை உள்ளவர், படுத்த படுக்கையாய் மாமியார் இருப்பவர், வெளியே அனுப்ப வீட்டில் சம்மதிக்காதவர். அதாவது, வீட்டில் ஏற்கெனவே ஒரு முழுநேர வேலை இருப்பவர்.

சித்தி மகளின் அறைக்குத் திரும்புவோம். அவள் கணினி முன்னால் உட்கார்ந்த முதல் மாதம், தெருவில் எல்லாரும் கேட்டது, "என்ன மக்ளே, வேலை போச்சா?" இல்லை என்று தெரிந்ததும், "அப்பம் சும்மாதானே இருக்கா" என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டா கரண்ட் பில் கட்டித் தரச் சொல்லி போனோடு வருவார். ஒரு மைனிக்கு ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும். இன்னொருவருக்குப் பேரனைப் பார்க்க பெங்களூர் டிக்கெட். ஒருநாள் மீட்டிங் நடுவில் கதவைத் திறந்து, "மக்ளே, நீ பேசிக்கிட்டே இரு, நான் ஒண்ணும் பேசல, இந்த ஓடிபி மட்டும் என்னன்னு பாரு" என்று போனை நீட்டியிருக்கிறார்கள். தெருவுக்கே இ-சேவை மையம் நடத்தியது போதாதென்று, பதினொரு மணிக்குச் சோறு வடிக்கவும் அவள்தான். அவள் அண்ணன் அதே வீட்டில், மாடியில், இதே மாதிரி வேலைதான் பார்த்தான். அவன் கதவை ஒருவரும் தட்டவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஆய்வு உண்டு. பொருளாதார அறிஞர் நிக்கலஸ் புளூமும் மற்றவர்களும் சீனாவின் சீட்ரிப் பயண நிறுவனத்தில் ஒன்பது மாதம் நடத்தியது, 2015-ல் வெளிவந்தது. அழைப்பு மைய ஊழியர்கள், வாரத்தில் நாலு நாள் வீட்டில். வேலை 13 சதவீதம் கூடியது, விலகுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். சென்னையில் இறங்கியது அங்கே ஏன் ஏறியது? சீட்ரிப்பில் தாமாக முன்வந்தவர்களை மட்டும், அதிலும் வீட்டில் தனி அறையும் நல்ல இணைப்பும், குறைந்தது ஆறு மாத வேலை அனுபவமும் இருந்தவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள். தனி அறை என்ற இரண்டு வார்த்தைக்குள் பாதி விவாதம் அடங்கிவிடுகிறது. நம் பழைய ஓட்டு வீடுகளில் பத்தாயம் வைக்க அறை உண்டு, சாமிக்கு அறை உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தர் எட்டு மணி நேரம் உட்கார அறை கிடையாது. அப்புறம், அந்தச் சோதனை முடிந்து விருப்பத்துக்கு விட்டபோது, வீட்டில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். தனிமைதான் முக்கியக் காரணம்.

2024-ல் அதே நிறுவனத்தில் 1,612 பட்டதாரி ஊழியர்களை வைத்து இன்னொரு சோதனை முடிவு வந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம். வேலை மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் குறை இல்லை; விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நிறுவனங்கள் 'மூன்று நாள்' என்று சொல்லும்போது இதைத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள். முடிவில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் இருக்கும் ஊழியர் எல்லாரும் காலையில் கிளம்பிச் சாயங்காலம் வீடு திரும்பக்கூடியவர்கள். நீண்ட தூரப் பயணம் என்று அங்கே சொல்வது மணிக்கணக்கில். நம்முடையது மாவட்டக் கணக்கில்.

கற்றுக்கொள்வது பற்றி மட்டும் நான் நிறுவனங்கள் பக்கம். 2021-ல் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வருஷம் தன் குழுவில் ஒருவர் முகத்தையும் நேரில் பார்க்காத பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் எப்படிப் பிழை தேடுகிறார் என்று எட்டிப் பார்த்துக் கற்றதை எந்தக் காணொளிப் பயிற்சியும் தரவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் 61,182 ஊழியர்களின் தொடர்புகளை வைத்து 2021-ல் வெளியான ஆய்விலும், எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு ஒவ்வொரு குழுவும் தன் வட்டத்துக்குள்ளேயே சுருங்கியது தெரிந்தது. நாகர்கோவில்காரருக்கு இதில் கூடுதல் சிக்கல்: சென்னையில் தெரிந்த முகம் என்று ஒன்று இல்லாமல் போனால், அடுத்த வேலைக்குப் பேர் சொல்லி அனுப்ப ஆள் இருக்காது.

கரண்ட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்தார் யாரும் நம்ப மாட்டார்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தலில் காற்றாலைகள் காடு மாதிரி நிற்கின்றன. நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று. ஆனாலும் வீட்டில் கரண்ட் நிலையில்லை. மேற்கே மழை இரண்டு தடவை, தென்மேற்கும் வடகிழக்கும். ரப்பர் மரம் ஒன்று கம்பியில் சாய்ந்தால் ராத்திரி மின்சாரத்தை மறந்துவிடலாம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் பல ஊர்களில் நாள்கணக்காக இருட்டு. அன்று வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவர் என்று இங்கே யாராவது இருந்திருந்தால் அவர் பாடு திண்டாட்டம்தான். சித்தி வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். கேபிள்காரர் ஃபைபர் இழுத்தார். அதுவும் போனால் மொபைல் டேட்டா, அதுவும் தென்னைக்கு அந்தப் பக்கம் போய் நின்றால் மட்டும். 'வீட்டில் இருந்தால் செலவு மிச்சம்' என்கிறவர்கள் அந்த பேட்டரி விலையைக் கேட்டுப் பார்க்கட்டும்.

வீடும் இல்லாமல் சென்னையும் இல்லாமல் நடுவில் ஏதாவது உண்டா? தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011-லேயே அலுவலகம் போட்டது; ஆளை நகரத்துக்கு இழுக்காமல் வேலையை ஊர்ப்பக்கம் கொண்டுவரலாம் என்பதற்கு இத்தனை வருஷமாக நிற்கும் சாட்சி அது. திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானில் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் ஐடி வளாகம் இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து தினமும் போய்வரத் தோதான தூரம் இல்லை. மேற்குப் பகுதிக்காரர்களுக்கு இயல்பான இடம் திருவனந்தபுரம். நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990-ல் அங்கே கழக்கூட்டத்தில்தான் தொடங்கியது. மார்த்தாண்டம், குழித்துறையில் இருந்து ரயில் ஏறி அந்தப் பக்கம் வேலைக்குப் போய்வருகிறவர்கள் நிறைய. இழுபட்டுக்கொண்டே இருந்த நாலுவழிச்சாலை அவர்களுக்கு எந்த மனிதவளக் கொள்கையையும்விட முக்கியம். சென்னை நிறுவனங்களில் சில, திருவனந்தபுரத்திலும் கிளை வைத்திருக்கின்றன. 'உன் குழு சென்னையில், ஆகவே நீயும் சென்னையில்' என்ற பிடிவாதத்தைத் தளர்த்தி, பக்கத்துக் கிளையில் உட்கார விட்டாலே விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பாதிப்பேர் ராத்திரி வீட்டில் தூங்குவார்கள்.

பிரசவ விடுப்புக்கு அப்புறம் என்ன என்று கேட்கும் பெண்களுக்குச் சட்டத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்த விதிப்படி (2025 நவம்பரில் இருந்து அது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இருக்கிறது), 26 வார விடுப்பு முடிந்த பிறகும், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், நிறுவனமும் ஊழியரும் பேசி ஒத்துக்கொண்டு வீட்டில் இருந்து பார்க்கலாம். ஒத்துக்கொண்டு என்பதுதான் இடிக்கும் இடம். உரிமையாகக் கேட்க முடியாது. ஆனாலும் கேட்கலாம், எழுத்தில் கேட்கலாம். இது தெரியாமலே வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

நாட்களை எப்படி எண்ணுகிறார்கள் என்பதும் ஒரு வழி. வாரத்துக்கு மூன்று நாள் என்பதும் மாதத்துக்குப் பத்து நாள் என்பதும் சென்னைக்காரருக்குக் கிட்டத்தட்ட ஒன்று. இன்ஃபோசிஸ் 2023-ல் போனது இந்த இரண்டாவது வழியில். எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: முதலாவதில் குடிபெயர வேண்டும், இரண்டாவதில் மாதம் ஒருதடவை போய்வந்தால் போதும்.

சித்தி மகள் இதை ஒரு படி மேலே கொண்டுபோனாள். மூன்று நாள் ஏற்பாட்டில் வேளச்சேரியில் ஒரு விடுதியில் எட்டு மாதம் இருந்து பார்த்துவிட்டு, மாதம் பத்து நாள் என்று கேட்கும் வேறொரு நிறுவனத்துக்கு மாறினாள். சம்பளம் கொஞ்சம் குறைவு. சேர்ந்த வாரமே மாதக் காலண்டரைச் சமையலறைச் சுவரில் இருந்து கழற்றி வந்து மேசையில் வைத்துக்கொண்டு பேனாவால் வட்டம் போட்டாள். ஜனவரியின் கடைசிப் பத்து வேலைநாள், பிப்ரவரியின் முதல் பத்து வேலைநாள். சேர்த்து நாலு வாரம் சென்னையில், ஒரே பயணத்தில் இரண்டு மாதத்துக்கான வருகையும் முடிந்தது. அப்புறம் ஒரு மாசத்துக்கு மேல் கருங்கல். திரும்ப மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். வருஷத்துக்கு ஆறே ஆறு தடவை எழும்பூர்.

"இது அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"விதியில எங்கயும் கூடாதுன்னு இல்லயே அண்ணா" என்றாள். வாசலில் பாம் பாம் கேட்டது. மைக்கை அணைத்துவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.